பெரிய பாதி

“இஷ்டம் இல்லேன்னா இஷ்டம் இல்லேன்னு சொல்லிடுங்க அண்ணி, ஈரல் மேல பழியைப் போடாதீங்க.” இதைத்தான் சொன்னாள் காலையில், நான் போனை எடுத்து ஹலோ என்றதுதான் தாமதம், ஒரு குட்மார்னிங் கிடையாது, சாப்பிட்டீங்களா கிடையாது, தீபாவளியும் அதுவுமாக. நமக்குத் தீபாவளி இல்லைதான், வேதக்காரர் வீட்டில் இன்றைக்கு எண்ணெய்ச் சட்டி ஏறாது, ஆனாலும் ஊரே வெடி வெடிக்கிற நாளில் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் இவள் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா என்ன. குளோரி. பேர் மட்டும் குளோரி. என் தம்பி பெலிக்ஸின் பெண்டாட்டி. ஈரல் மேல் பழி போடுகிறேனாம், ஈரல் என்ன என் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறவளா, உடைந்த டம்ளருக்கெல்லாம் அவள் மேல் பழி போட. இப்படிக் கேட்டிருக்கலாம். இப்போது நன்றாக வருகிறது, மத்தியானம் மூன்று மணிக்கு, சாப்பாட்டு மேஜை முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும்போது நாக்கு நன்றாகத்தான் புரள்கிறது. காலையில் என்ன சொன்னேன்? “சரி குளோரி, மாசக் கடைசியில ஸ்கேன் இருக்கு, பாப்போம்” என்றேன். சரியாம். காய்கறி வண்டிக்காரரிலிருந்து பங்குச் சாமியார் வரைக்கும் கிராப்பட்டியில் ஒருவரையும் விட்டு வைக்காத எமில்டா, தம்பி பெண்டாட்டி மூஞ்சியில் அடித்த மாதிரி பேசியதற்குச் சரி என்றாள். கோபம் வரவில்லை. அதுதான் காலையிலிருந்து உறுத்துகிறது, பல்லிடுக்கில் மாட்டிய கறி நார் மாதிரி. போன தடவை, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து இதே வார்த்தையை இவள் ஜாடையாகச் சொன்னபோது என்ன ஆட்டம் ஆடினேன், நர்ஸ் வந்து “அம்மா, மெதுவா” என்று கையைப் பிடிக்கிற அளவுக்கு. இன்றைக்கு ஏன் வரவில்லை. அன்றைக்கு அவள் சொன்னது பொய். அதனால் வந்தது. சரி, அப்படியென்றால் இன்றைக்கு? வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே எமில்டா. மேஜையைப் பார். மேஜையையும் பார்க்கக் கூடாது.

மேஜை நிறையத் தட்டு. எதிர்வீட்டுச் சங்கரி கொண்டுவந்தது, மாடி வீட்டு வனஜா கொண்டுவந்தது, மூலை வீட்டிலிருந்து வந்தது, எல்லாவற்றின் மேலும் ஒரு டிஷ்யூ பேப்பர், பேப்பரில் எண்ணெய் ஊறி உள்ளே என்ன இருக்கிறது என்று தானாகவே தெரிகிறது, இது லட்டு, இது பாதுஷா, இது அதிரசம், அதிரசம் சங்கரி கை அதிரசம். வருஷா வருஷம் இப்படித்தான். தீபாவளிக்கு அவர்கள் தட்டு இங்கே வரும், கிறிஸ்துமஸுக்கு நம் தட்டு கேக்கும் கல்கலாவுமாக அங்கே போகும், வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். காலையில் சங்கரியிடம் தட்டை அப்புறம் தருகிறேன் என்றேன், ஏனென்றால் வீட்டில் சர்க்கரை டப்பாவே இல்லை. ஒளித்து வைத்ததுகூட இல்லை, கட்டிலுக்கு அடியில், பரண் மேல், எங்கேயும். என் வீட்டுக்காரர் இன்னாசிக்குக்கூடக் காபி சர்க்கரை இல்லாமல்தான். “என்னங்க இப்படி இளைச்சுட்டீங்க, எங்களுக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லக் கூடாதா” என்றாள் சங்கரி, போகிறபோது ஒரு சின்னக் கிண்ணத்தில் தீபாவளி லேகியம் வேறு, “ஈரலுக்கு ரொம்ப நல்லது” என்று. ஈரல் என்றதும் என் முகம் போன போக்கு அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. தெருவுக்கே தெரிந்திருக்கும். எமில்டா தம்பிக்கு ஈரல் சுருங்கிப்போச்சு, எமில்டா கொடுக்கப் போறா. கொடுக்கப் போறா, கொடுக்கப் போறா என்று ஆறு மாதமாக.

அவன் குடித்துக் கெட்டான் என்றுதான் கோயிலில் பாதிப் பேர் நம்புகிறார்கள். பெலிக்ஸ் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் கீபோர்டு, அவ்வளவுதான் அவன் உலகம். டியூஷன் முடித்துவிட்டு வரும் வழியில் பரோட்டா, பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூல்டிரிங்க்ஸ், அப்புறம் சர்க்கரை வியாதி, அதற்கு மாத்திரையை ஒரு நாள் போட்டு ஒரு நாள் மறப்பது. எப்போதோ பள்ளிக்கூடத்தில் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள், ஃபேட்டி லிவர் கிரேடு ஒன் என்று வந்தது, இங்கே வந்து இதே மேஜையில் உட்கார்ந்து சிரித்தான். “ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் அதேதான் அக்கா. இல்லாதவனைத்தான் கேலி பண்றோம்.” நானும் சிரித்தேன். இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன். ஈரலுக்கு வலிக்காதாம். அதுதான் டாக்டர் சொன்னதிலேயே என்னைப் பயமுறுத்தியது. சாப்பிடுகிற மாவும் சர்க்கரையும் செலவாகாமல் மிஞ்சினால் அதைக் கொழுப்பாக்கித் தனக்குள்ளேயே அடைத்து அடைத்து வைத்துக்கொள்ளும், வருஷக்கணக்கில், ஒரு முனகல் இல்லாமல். அப்புறம் அது வீங்கி, தழும்பாகி, தழும்பு மேல் தழும்பாகி, கல்லாகி, ஒரு நாள் வயிற்றில் நீர் சேரும்போதுதான் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். இவ்வளவு பொறுமை எந்தப் பொம்பளைக்கும் ஆகாது. எனக்கு ஒரு தலைவலி வந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். என் உள்ளே இப்படி ஒன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று யார் நினைத்தார்கள்.

குளோரிக்கு இரத்தம் சேரவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் படிக்கிறது. அப்பா அம்மா போய்விட்டார்கள். டாக்டர் அறையில் எல்லாரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள், ஞானோபதேச வகுப்பில் பதில் தெரியாதவர்களெல்லாம் தெரிந்தவளைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, நான் அவர் கேட்டு முடிப்பதற்குள் “நான் தர்றேன்” என்றேன். அவசரம். எல்லாவற்றிலும் அவசரம் எனக்கு. முதல் ஸ்கேனில் என் ஈரலிலும் கொழுப்பு. இவ்வளவு கொழுப்பை வைத்துக்கொண்டு எடுக்க முடியாதும்மா, உங்களுக்கு மிச்சம் வைக்கிறதும் பத்தாது, அவருக்கு எடுத்து வைக்கிறதும் ஒட்டாது, குறைச்சுட்டு வாங்க என்றார் டாக்டர். கொழுப்பு என்றால் என்ன? எனக்குத் தெரியாதா. இறைச்சி, முட்டை, நெய். வீட்டுக்கு வந்த அன்றைக்கே மாதாவிடம் நேர்ந்துகொண்டேன், தம்பி பிழைத்து எழுந்திருக்கிற வரைக்கும் சுத்தபோசனம், கறி மீன் முட்டை கையால் தொடுவதில்லை, தவக்காலம் மாதிரி, தவக்காலத்தைவிடக் கண்டிப்பாக. வெள்ளிக்கிழமை ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். பசித்தால் வாழைப்பழம், ரஸ்க், வெல்லம் போட்ட அவல், மத்தியானம் ரசமும் சோறும், கறி இல்லாததால் இரண்டு கரண்டி கூடச் சோறு. கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதீன் கற்றுக் கொடுத்த பட்டினி அப்படி. இறைச்சிதான் பாவம், இனிப்பு பாவத்தில் சேராது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடித்து வெறும் வயிற்றோடு நிற்கிற பிள்ளைகளுக்கு அவர் அங்கிப் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் வரும், நாக்கில் வைத்ததும் சொர்க்கமே உருகி இறங்கும். இரண்டாவது ஸ்கேனுக்குப் பெருமையாகப் போய்ப் படுத்தேன். கொழுப்பு குறையவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது. டயட்டீஷியன் பெண், மூக்குத்தி போட்ட சின்னப் பெண், என்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, “ஆன்ட்டி, தேனும் சர்க்கரைதான்” என்றாள். அவ்வளவு மெதுவாக, சாவு செய்தி சொல்கிற மாதிரி. “முட்டை சாப்பிட்டிருக்கலாம் ஆன்ட்டி, மீன் சாப்பிட்டிருக்கலாம். சோத்தைக் குறைச்சிருக்கணும்.” வெளியே வந்து சொன்னபோது குளோரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரிடம் பேசினாள், சிலருக்கு வேணும்னா ஏறும், வேணும்னா இறங்கும் என்று. மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பட்டினி கிடந்தவளிடம். அன்றைக்கு நான் கத்தியது நியாயம்.

பிறகு செய்தேன். வெறியாகச் செய்தேன். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு முட்டையை வேகவைத்தேன். சோறு ஒரு கரண்டி, மிச்சம் முழுக்கக் காய், கீரை, சுண்டல். சர்க்கரை, தேன், வெல்லம், ஜூஸ், பிஸ்கட், எல்லாம் வெளியே. காலையில் ரயில்வே மைதானத்தில் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, வாக்கிங் வருகிற கிழங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு. இப்போது பாவாடை நாடா இரண்டு சுற்று வருகிறது. வளையல் முழங்கை வரைக்கும் ஓடி இறங்குகிறது. போன வாரம் குளிக்கும்போது சோப்புக் கை வலது விலாவுக்குக் கீழே போய் நின்றது, அங்கே சதை வற்றி எலும்பு தட்டுப்பட்டது, எலும்புக்கு அடியில் அது இருக்கிறது என்று தெரிந்தது, வெதுவெதுப்பாக, சுத்தமாக, தயாராக. தயாராக என்ற சொல் எப்படி வந்தது என்று தெரியாது. சந்தைக்குப் பிடித்துக்கொண்டு போகிற ஆட்டின் விலாவைத் தடவிப் பார்ப்பார்களே அப்படித் தடவிக்கொண்டிருந்தேன். ஸ்கேன் இந்தத் தடவை நன்றாகத்தான் வரும். மாசக் கடைசியில் டாக்டர் சிரிப்பார், குளோரி அழுவாள், எனக்குத் தேதி குறிப்பார்கள். தண்ணீர் மேலே கொட்டிக்கொண்டே இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்துதான். அதுவரைக்கும் கொழுப்பு எனக்கும் அந்தக் கத்திக்கும் நடுவில் ஒரு கதவு மாதிரி இருந்திருக்கிறது, நானே தள்ளித் தள்ளித் திறந்துவிட்டேன்.

ஐந்நூறு பேர் கொடுத்தால் ஒருவருக்குத்தான் உயிர் போகிற ஆபத்தாம். கொடுக்கிறவர்களுக்குத் தைரியம் சொல்ல ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிற கவுன்சிலர் சொன்னாள், ஆறுதலாக. ஐந்நூறு என்பது எங்கள் கான்வென்ட் அசெம்பிளி. சிவப்பு ரிப்பன் கட்டின ஐந்நூறு தலை, வெயிலில் வரிசை வரிசையாக, ஜெபம் முடிவதற்குள் யாராவது ஒருத்தி பொத்தென்று விழுவாள். ஒருத்திதான். மற்ற நானூற்றுச் சொச்சம் பேரும் ஒன்றும் ஆகாமல் வகுப்புக்குப் போவார்கள். அந்த ஒருத்தி எத்தனை தடவை நானாக இருந்தேன். காதுக்குள் வண்டு ரீங்காரம் மாதிரி ஒன்று ஆரம்பிக்கும், கொடிக்கம்பம் வெளுக்கும், சிஸ்டர் பெர்னதீனுடைய செருப்புச் சத்தம் எங்கோ தூரத்தில், அப்புறம் மண் வாசனை. இதை யாரிடம் சொல்வது. இன்னாசியிடம் சொன்னால், “உன் தம்பி, உன் உடம்பு, நடுவுல நான் என்ன சொல்ல” என்பார், அவருக்கு அது பெருந்தன்மை. ஒரு தடவை, ஒரே தடவை, வேண்டாம் எமில்டா, எனக்கு நீ வேணும் என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் சட்டையைப் பிடித்து நான் சண்டை போட்டிருப்பேன், அப்படிச் சண்டை போடுவதற்காவது ஒரு ஆள் எதிரில் இருந்திருக்கும். கேட்கிற எல்லாரும் சொல்வது ஒன்றுதான், திரும்ப வளர்ந்துடும். குளோரிகூட, “வளந்துடுமாமே அண்ணி, சீக்கிரமே” என்றாள், முருங்கையை ஒடித்து நட்டது மாதிரி. வலது பக்கம் எடுப்பார்கள். நூற்றுக்கு அறுபது. சின்னதை என்னிடம் விட்டுவிட்டுப் பெரிய பாதியை அவனுக்கு.

பெரிய பாதி எப்போதும் அவனுக்குத்தான். அம்மா வைத்த சட்டம், பிட்டவள் காத்திருக்கணும், மற்றவன் முதலில் எடுக்கணும், அப்போதுதான் சமமாகப் பிடுவீங்க. பன்னோ கடலைமிட்டாயோ, பெரியவள் என்று என் கையில்தான் கொடுப்பாள். அவசரக்காரிக்கு எங்கே சமமாகப் பிட வரும். பொட்டென்று உடைப்பேன், ஒன்று பெரிது ஒன்று சிறிது, பெலிக்ஸ் பெரியதை எடுத்துக்கொண்டு, பெரிய கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே தின்பான். கோபம் வந்ததில்லை. அந்தக் கண் இப்போது மஞ்சள். போன ஞாயிற்றுக்கிழமை வந்தான், குளோரி கையைப் பிடித்துக்கொண்டு, வயிறு மட்டும் முன்னால் நடந்து வந்தது. இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தான். ஒரு ஆரஞ்சு கொடுத்தேன். பொறுமையாக உரித்தான், சுளைகளை ஒன்று ஒன்றாகப் பிரித்து மேஜை ஓரத்தில் வரிசையாக வைத்தான், பிறகு தோலை எடுத்து வாயில் போட்டு மென்றான். மென்றுகொண்டே, “நல்லா இனிக்குதுக்கா” என்றான். குளோரி அவன் வாய்க்குள் விரல் விட்டுத் தோலை எடுத்தாள், பழக்கமான கை, இது முதல் தடவை இல்லை என்று அந்தக் கையே சொன்னது. ஈரல் கழிக்காத விஷம் மூளைக்கு ஏறுகிறதாம். அவன் ஒரு நாளும் என்னிடம் கொடு என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்ல ஒரு இடம் கிடைத்திருக்கும். கேட்காதவனிடம் எப்படி மறுப்பது.

கவுன்சிலர் அன்றைக்கு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். “உங்களுக்குப் பயமா இருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. எப்ப வேணும்னாலும், தியேட்டர் வாசல்ல வச்சுக்கூடச் சொல்லலாம். உங்க உடம்பு ஒத்துக்கலைன்னு நாங்க சொல்லிடுவோம். யாருக்கும் காரணம் தெரியாது.” எனக்குச் சுர்ரென்றது. “எனக்காக யாரும் பொய் சொல்ல வேண்டாம்மா, எங்க வீட்டுல அந்த வழக்கம் கிடையாது” என்றேன், கான்வென்ட் இங்கிலீஷில், நிமிர்ந்து உட்கார்ந்து. அவள் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள், வேண்டாம் என்று மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். இப்போது அந்த அறை, அந்த மின்விசிறி, அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை, எல்லாம் ஞாபகம் வருகிறது, நம்பர் வரவில்லை. வந்தாலும் பேச மாட்டேன். பேச வாயைத் திறக்க வேண்டும், எமில்டாவுக்குப் பயம் என்று என் வாயால் சொல்ல வேண்டும். இந்தத் தட்டுகளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் ஒரு லட்டு தின்றால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாது ஆன்ட்டி என்று அந்த மூக்குத்திப் பெண்ணே சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் இல்லை. மூன்று தட்டு. இன்னும் இரண்டு வீட்டிலிருந்து வர வேண்டும். மாசக் கடைசி வரைக்கும் காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், வாக்கிங்கைக் கொஞ்சம் சோம்பல். யாருக்குத் தெரியும். இன்னாசிக்குத் தெரியாது, அவருக்கு இரண்டு முறுக்கும் டிவியும் போதும். ஸ்கேன் அறையில் ஜில்லென்று இருக்கும், அந்த டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார், இன்னும் இருக்கேம்மா என்பார், நான் அழுவேன், நிஜமாகவே அழுவேன். பழி ஈரலுக்கு. குளோரி காலையில் சொன்னாள் பார், வார்த்தைக்கு வார்த்தை. அதனால்தான் கோபம் வரவில்லை. நான் நினைப்பதற்கு முன்னாலேயே அவள் பார்த்துவிட்டாள், ஏதோ டுடோரியல் காலேஜில் படித்தவள். ஆனால் தின்றால்? தின்றால் நானும் அவன் போன வழிதான். அதே அப்பா அம்மா, அதே இரத்தம், அதே ஈரல், அதே பொறுமை. ஒரு நாள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து நானும் ஆரஞ்சை உரிப்பேன், சுளையை வரிசையாக வைப்பேன், என் வாயில் விரல் விட்டு எடுக்க யார் இருப்பார்கள். தின்னாவிட்டால் கத்தி, தின்றால் ஆரஞ்சுத் தோல். அவனுக்கு இரண்டும் இல்லை, நான் தின்றால் அவனுக்கு அடுத்த தீபாவளி கிடையாது. கிறிஸ்துமஸே சந்தேகம் என்று டாக்டர் முகத்தில் எழுதியிருந்தது.

யாரோ சரவெடி வைக்கிறார்கள், ஜன்னல் கம்பி அதிர்கிறது, மருந்து வாசனையும் நெய் வாசனையும் ஒன்றாக வருகிறது. காதுக்குள் அந்த வண்டு. டிஷ்யூ பேப்பரை எப்போது எடுத்தேன்? தட்டு திறந்து கிடக்கிறது. விரலெல்லாம் எண்ணெய். அதிரசம் கையில் இருக்கிறது, இரண்டாக இருக்கிறது, பிட்டிருக்கிறேன், பழக்கம், இந்தக் கையில் பெரியது அந்தக் கையில் சின்னது. உள்ளே வெல்லம் இன்னும் ஈரமாக, பழுப்பாக, உயிருள்ள எதையோ கீறிப் பார்த்த மாதிரி மினுங்குகிறது. பிட்டவள் எடுக்கக் கூடாது. எடுக்க வேண்டியவன் எதிர் நாற்காலியில் இல்லை. வாய் ஊறுகிறது, அசெம்பிளியில் விழுவதற்கு முன்னால் இப்படித்தான் ஊறும். கீழே வை. வைக்க வரவில்லை. கூடத்தில் டிவி ஓடுகிறது, ஏதோ பட்டிமன்றம், நூறு பேர் சேர்ந்து சிரிக்கிறார்கள், அவர் தூங்கியிருப்பார், தூங்கினாலும் சத்தத்தைக் குறைக்க மாட்டார். “ஏங்க.” சிரிப்பு. “ஏங்க, உங்களைத்தான்.” மறுபடியும் கைதட்டல். “கொஞ்சம் எழுந்து வாங்களேன். வந்து இந்தத் தட்டையெல்லாம் எடுத்துட்டுப் போய் யாருக்காவது கொடுத்துடுங்க. கேக்குதா? என் கையில இருக்கிறதையும் சேத்து வாங்கிட்டுப் போங்க.”